பளபளப்புக்கு யார் காசு கொடுத்தார்கள்? (அலுமினியம், புல்லட், கொஞ்சம் வரலாறு)

மக்களே, இந்த முறை கொஞ்சம் பட்டறை வாசனை அடிக்கும் பதிவு. "பி.காம் படிக்கிறவனுக்கு இன்ஜின் கவரில் என்ன வேலை?" என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில்: இதுவும் ஒரு காஸ்ட் ஷீட் கதைதான்.

பழைய புல்லட் இரண்டு அடுத்தடுத்து நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் டைமிங் கவரில் முகம் பார்த்துத் தலை சீவலாம். இன்னொன்று சாம்பல் பூத்து, அங்கங்கே வெள்ளைப் புள்ளி விழுந்து, தேய்க்காத பாத்திரம் மாதிரி இருக்கிறது. இரண்டும் ஒரே அலுமினியம்தான், ஒரே வார்ப்புதான். பளபளக்கிற வண்டிக்கு எந்தப் பூச்சும் பூசவில்லை. குரோம் இல்லை, நிக்கல் இல்லை, பெயின்ட் இல்லை. யாரோ உட்கார்ந்து தேய்த்திருக்கிறார், அவ்வளவுதான். கணக்குப் பாஷையில் சொன்னால் பளபளப்பில் மூலப்பொருள் செலவு கிட்டத்தட்ட பூஜ்யம், மொத்தமும் கூலி. அந்தக் கூலியைக் காலம் காலமாக யார் கொடுத்தது என்பதுதான் எனக்கு சுவாரசியமான கேள்வி.

முதலில் உலோகத்தின் கதை. 1825-ல் டென்மார்க்கில் ஓர்ஸ்டெட் அலுமினியத்தைப் பிரித்தார். 1854-ல் பிரான்சில் சாந்த்-கிளேர் தெவீல் அதைக் கொஞ்சம் பெரிய அளவில் தயாரிக்க வழி கண்டார். அவருக்குப் பண உதவி செய்தவர் மூன்றாம் நெப்போலியன். 1855 பாரிஸ் கண்காட்சியில் அலுமினியக் கட்டிகளைப் பார்வைக்கு வைத்தார்கள். விருந்தில் முக்கிய விருந்தாளிகளுக்கு மட்டும் அலுமினியக் கரண்டி, மற்றவர்களுக்குத் தங்கம் என்று ஒரு கதை சொல்வார்களே, அது இந்த நெப்போலியன் பேரில்தான் உலவுகிறது. 1884 டிசம்பர் 6 அன்று வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில் 100 அவுன்ஸ் (சுமார் 2.8 கிலோ) எடையுள்ள அலுமினியக் கூம்பு வைத்தார்கள். வார்த்தவர் ஃபிலடெல்ஃபியாவின் வில்லியம் ஃபிரிஷ்மத். தூணில் ஏறுவதற்கு முன்னால் அந்தக் கூம்பை நியூயார்க்கில் டிஃபனி நகைக்கடையில் காட்சிக்கு வைத்திருந்தார்கள். வந்தவர்கள் அதைத் தாண்டிக் குதித்துவிட்டு "வாஷிங்டன் தூணின் உச்சியைத் தாண்டினேன்" என்று பெருமை அடித்துக்கொண்டார்களாம் :-)

இரண்டே வருடத்தில் எல்லாம் தலைகீழ். 1886-ல் அமெரிக்காவில் சார்லஸ் மார்ட்டின் ஹாலும் பிரான்சில் பால் எரூவும், ஒருவரை ஒருவர் அறியாமல், மின்சாரத்தால் அலுமினியம் பிரிக்கும் ஒரே முறையைக் கண்டுபிடித்தார்கள். இருவரும் 1863-ல் பிறந்தவர்கள். அதாவது அப்போது நம் வயசு. (நாம் இன்னும் அரியர் கிளியர் பண்ணிக்கொண்டிருக்கிறோம்.) விலை சரிந்தது. நகைக்கடையில் இருந்த உலோகம் சமையலறைக்கு வந்தது.

இங்கே சென்னைக்கு ஒரு பங்கு இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 1898-ல் மெட்ராஸ் கலைப் பள்ளியில் (இன்றைய அரசு கவின் கலைக் கல்லூரி) ஆல்ஃப்ரட் சாட்டர்டன் என்பவர் அலுமினியப் பாத்திரம் செய்யும் முயற்சியைத் தொடங்கினார். பித்தளையிலும் செம்பிலும் பழகிய கைகளுக்குப் புது உலோகத்தில் வேலை தருவது நோக்கம். வியாபாரம் நன்றாகவே போனது. 1903-ல் அந்தப் பிரிவு இந்தியன் அலுமினியம் கம்பெனிக்கு விற்கப்பட்டது. திருவொற்றியூரில் புல்லட் வருவதற்கு அரை நூற்றாண்டு முன்பே இந்த ஊர் அலுமினியத்தைத் தட்டிப் பழகிவிட்டது என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, தேய்த்தால் ஏன் பளபளக்கிறது, விட்டால் ஏன் மங்குகிறது? கொஞ்சம் கெமிஸ்ட்ரி, பயப்படாதீர்கள்.

அலுமினியத்தைச் சுரண்டிய உடனே காற்றிலுள்ள ஆக்சிஜன் சேர்ந்து அதன் மேல் ஒரு தோல் உருவாகிவிடும். சில நானோமீட்டர் தடிமன்தான். தலைமுடியின் தடிமனில் பத்தாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அந்தத் தோல் கண்ணாடி மாதிரி தெளிவானது, அதனால் கண்ணுக்குத் தெரியாது. உள்ளே இருக்கும் உலோகத்தைக் காப்பாற்றுவதும் அதுதான். ஆனால் அதற்கு இரண்டு பகை: அமிலம், காரம். வாஷிங் சோடா போட்டு அலுமினியப் பாத்திரத்தைத் தேய்த்தால் கறுத்துப்போகும், இட்லிப் பானையின் உட்பக்கம் கறுத்தால் புளியோ எலுமிச்சையோ போட்டுக் கொதிக்க வைத்தால் வெளுக்கும். நம் வீட்டுப் பெண்கள் பாடப்புத்தகம் இல்லாமலே நடத்திவரும் பரிசோதனை இது. மூன்றாவது பகை உப்பு. கடல் காற்றிலுள்ள குளோரைடு அந்தத் தோலில் ஊசி முனை அளவு ஓட்டை போட்டு உள்ளே புகும். வெளியே வெள்ளைப் பொடியாகத் துப்பும். சென்னையில், அதுவும் கடலோரமாக, திறந்த வெளியில் நிற்கும் வண்டிக்கு இது வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். மேற்பரப்பு குண்டும் குழியுமாகிவிட்டால் ஒளி நேராகத் திரும்பாமல் சிதறும். அதைத்தான் நாம் 'மங்கிப்போச்சு' என்கிறோம். பாலிஷ் என்பது புதிதாக எதையும் சேர்ப்பதல்ல. மேட்டைத் தேய்த்துப் பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவருவது.

இதில் ஒரு வேடிக்கை. அலுமினியத்தின் மேல் உருவாகும் அந்தத் தோல் அலுமினியம் ஆக்சைடு. நாம் தேய்க்கிற உப்புத்தாளின் மேல் ஒட்டியிருக்கும் மணலும் பெரும்பாலும் அலுமினியம் ஆக்சைடு. இயற்கையில் பாறையாகக் கிடைத்தால் அதன் ஆங்கிலப் பெயர் 'கொரண்டம்'. அந்தப் பெயர் எங்கிருந்து போனது தெரியுமா? நம்ம 'குருந்தம்'. பழைய சேலம் மாவட்டத்தின் சித்தம்பூண்டிப் பக்கம் கிடைக்கும் கல். சிவப்பாக, தெளிவாக இருந்தால் மாணிக்கம்; அழுக்காக இருந்தால் சாணைக்கல். வைரத்துக்கு அடுத்த கடினம். உலகம் முழுக்கப் பட்டறைகளில் உலோகத்தைத் தேய்க்கிற பொருளுக்கு இங்கிருந்து போன பேர்.

இனி இங்கிலாந்துக்குப் போவோம், ஏனென்றால் புல்லட் அங்கிருந்துதான் வந்தது. பர்மிங்ஹாமுக்குத் தெற்கே ரெடிச் என்று ஓர் ஊர். பைக்குக்கு முன்னால் அந்த ஊர் பேர் வாங்கியது தையல் ஊசிக்கு. ராயல் என்ஃபீல்டின் மூலக் கம்பெனியே 1851-ல் ஜார்ஜ் டவுன்சென்ட் தொடங்கிய ஊசித் தொழிற்சாலை. பிறகு சைக்கிள் பாகம், சைக்கிள் என்று நகர்ந்து, 1890-களில் என்ஃபீல்ட் துப்பாக்கித் தொழிற்சாலைக்குப் பாகங்கள் செய்து கொடுத்ததில் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டு, 1901-ல் முதல் மோட்டார் சைக்கிள்.

ஊசி எப்படிப் பளபளப்பாகிறது? ஆயிரக்கணக்கான ஊசிகளைத் துணியில் வைத்து, சோப்பும் தேய்க்கும் பொடியும் போட்டு, உருளையாகக் கட்டி, நீர்ச்சக்கரத்தால் ஓடும் பலகைகளுக்கு அடியில் நாள் கணக்கில் முன்னும் பின்னும் உருட்டுவார்கள். அந்த வேலை நடந்த ஃபோர்ஜ் மில் இன்று அருங்காட்சியகம். அது பரவாயில்லை, ஈர வேலை. கொடுமையானது ஊசிக்குக் கூர் தீட்டுவது. உலர்ந்த சாணைக்கல்லில் குனிந்தபடி, ஒரே நேரத்தில் ஒரு கைப்பிடிக் கம்பியை உருட்டித் தீட்ட வேண்டும். கல்லின் பொடியும் எஃகின் பொடியும் நேராக மூச்சில் போகும். அந்தத் தொழிலாளர்களில் பலர் நாற்பதைத் தொடவில்லை. ஷெஃபீல்டில் கத்தி, முள்கரண்டி தீட்டியவர்களுக்கும் இதே கதி. பொடியை உறிஞ்சும் காற்றாடி வந்தபோது அதைத் தொழிலாளர்களிலேயே சிலர் எதிர்த்தார்கள். காரணம், வேலை ஆபத்தானது என்பதால்தான் கூலி அதிகம். ஆபத்து போனால் ஆள் நிறையப் பேர் வருவார்கள், கூலி இறங்கும். எகனாமிக்ஸ் வகுப்பில் 'ஈடுசெய்யும் கூலி வேறுபாடு' என்று இரண்டு மார்க் கேள்வியாகப் படித்த விஷயம், இங்கே நுரையீரல் விலையில்.

அப்படிப்பட்ட ஊர் மோட்டார் சைக்கிள் செய்தது. இருபதாம் நூற்றாண்டில் இன்ஜின் கூடுகளுக்கு அலுமினியம் வழக்கமானது. ரைட் சகோதரர்களின் 1903 விமான இன்ஜினின் கிராங்க்கேஸே அலுமினிய வார்ப்புதான். எடை குறைவு, சூட்டைச் சீக்கிரம் கடத்தும், வார்ப்பதும் சுலபம். ஆனால் மணல் அச்சில் வார்த்த அலுமினியம் வெளியே வரும்போது ரவை தோசை மாதிரிதான் இருக்கும். அதைக் கண்ணாடியாக்க முதலில் கரடுமுரடான சக்கரம், பிறகு நார்ச் சக்கரம், பிறகு பருத்தித் துணிச் சக்கரம், ஒவ்வொன்றுக்கும் ஒரு மெருகுக் கட்டி. இதற்காகவே தொழிற்சாலைகளில் தனியாக பாலிஷிங் ஷாப் இருக்கும். கவரைக் கையில் பிடித்துச் சுழலும் சக்கரத்தில் அழுத்த வேண்டும். வளைவுக்கேற்ப மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். ஒரு நொடி அதிகம் நின்றால் விளிம்பு மழுங்கிவிடும்.

இரண்டாம் உலகப் போரில் அலுமினியம் முழுக்க விமானத்துக்குப் போனது. 1940-ல் பிரிட்டிஷ் அமைச்சர் பீவர்புரூக் வீட்டுப் பெண்களிடம் அலுமினியப் பாத்திரங்களைக் கேட்டு வாங்கிய கதை பிரசித்தம். போர் முடிந்ததும் நிலைமை மாறியது. எஃகுக்கு ரேஷன், அலுமினியம் கிடைத்தது. 1948-ல் வந்த லேண்ட் ரோவரின் உடம்பே அலுமினியக் கலவை. அந்தக் காலத்து பிரிட்டிஷ் பைக்குகளில் பளபளக்கும் கவர்கள் தரத்தின் அடையாளமாக நின்றன. விதிவிலக்கு, அதே 1948-ல் வந்த வின்சென்ட் பிளாக் ஷேடோ. அதன் இன்ஜினுக்குக் கறுப்பு எனாமல் பூசிச் சூளையில் சுட்டார்கள். சாதாரண வின்சென்ட்டுக்கு வெறும் அலுமினியம், விலை கூடினதுக்குக் கறுப்பு. இதை நினைவில் வையுங்கள், பின்னால் வரும்.

இந்தியக் கதைக்கு வருவோம். எல்லைக் காவலுக்கு வண்டி தேடிய இந்திய ராணுவம் 350 சிசி புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955-ல் ரெடிச் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து என்ஃபீல்ட் இந்தியாவை ஆரம்பித்தன. திருவொற்றியூரில் தொழிற்சாலை. முதலில் பாகங்கள் கப்பலில் வந்து இங்கே பூட்டப்பட்டன, பிறகு இயந்திரங்களும் அச்சுகளும் வந்து இங்கேயே தயாரானது. இங்கிலாந்துக் கம்பெனி 1970-ல் மூடப்பட்டது. அதே வடிவ வண்டி இங்கே தொடர்ந்து ஓடியது. 1977-ல் இங்கிலாந்துக்கே ஏற்றுமதியும் ஆனது.

வழக்கமாக இதை 'பாரம்பரியம்' என்று சொல்லிப் புல்லரிப்பார்கள். நான் கொஞ்சம் வேறு மாதிரி பார்க்கிறேன். அந்த வடிவம் கைவேலையை ஏராளமாகக் கேட்கும் வடிவம். கவருக்குக் கவர் தேய்க்க வேண்டும், டாங்க்கில் கோடு கையால் இழுக்க வேண்டும். கூலி ஏறிய ஊரில் அது கட்டுப்படியாகவில்லை, கூலி குறைந்த ஊரில் கட்டுப்படியானது. திருவொற்றியூரில் சக்கரத்தின் முன் நின்றவர்களின் சம்பளம்தான் அந்த 'பாரம்பரிய' பளபளப்பைச் சாத்தியமாக்கியது. இது என் கருத்து, ஒத்துக்கொள்ளாதவர்கள் திட்டலாம்.

இதற்குள் ஜப்பான்காரர்கள் வேறு வழி பிடித்திருந்தார்கள். அழுத்தத்தில் உலோக அச்சில் வார்த்தால் பாகம் வழுவழுப்பாகவே வரும், தேய்க்கிற நேரம் குறையும். தேய்த்த பிறகு மேலே நிறமில்லாத லாக்கர் அடித்துவிட்டால் ஷோரூமில் மங்காது. 70-களின் ஜப்பான் வண்டிகளில் இதைப் பார்க்கலாம். பிரச்சினை பத்து வருடம் கழித்து. ஒரு கல் பட்டு லாக்கர் விரிந்தால் ஈரம் அடியில் புகுந்து, புழு ஊர்ந்த மாதிரி வெள்ளைக் கோடுகள் ஓடும். மேலே எத்தனை பாலிஷ் போட்டாலும் போகாது, ஏனென்றால் கறை லாக்கருக்குக் கீழே. முதலில் பெயின்ட் ரிமூவரால் லாக்கரை உரிக்க வேண்டும். கம்பெனி சேமித்த கூலியை இரண்டாவது, மூன்றாவது ஓனர் ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டுகிறார்!

அடுத்த கட்டம் கறுப்பு. பவுடர் கோட்டிங் அடித்து அடுப்பில் சுட்டால் வார்ப்பின் சின்னக் குறைகள் மறையும், சக்கரத்துக்கு ஆள் வேண்டாம், கடற்கரைக் காற்றும் சட்டென்று ஒன்றும் செய்யாது. நியாயமாகப் பார்த்தால் நல்ல ஏற்பாடு. ராயல் என்ஃபீல்ட் 2018-ல் இன்டர்செப்டர் 650-ஐ வெள்ளி நிறம் மின்னும் இன்ஜினோடு கொண்டுவந்தது. 2023-ல் அதிலேயே இன்ஜினும் சைலன்சரும் கறுப்பான மாடல்கள் சேர்ந்தன. விற்பனைப் பாஷையில் கறுப்பு என்றால் ஸ்டைல், விலையும் கொஞ்சம் கூட. வின்சென்ட் ஞாபகம் வருகிறதா? குறைந்த வேலை, கூடின விலை. மார்க்கெட்டிங் படிப்பவர்கள் இதற்கு எழுந்து நின்று கை தட்டலாம்.

கறுப்பை நான் முழுக்கக் குறை சொல்லமாட்டேன், அதற்குக் காரணம் இருக்கிறது. அலுமினியப் பொடி எரியும். காற்றில் மெல்லிய பொடியாகப் பரவினால் வெடிக்கும். 2003 அக்டோபரில் அமெரிக்காவில் இண்டியானா மாநிலம் ஹண்டிங்டனில், அலுமினிய வீல் செய்யும் தொழிற்சாலையில் பொடி வெடித்து ஒருவர் இறந்தார். 2014 ஆகஸ்ட் 2 அன்று சீனாவின் குன்ஷானில், கார்களின் அலாய் வீலுக்குப் பாலிஷ் போடும் தொழிற்சாலையில் காலை ஷிஃப்டில் வெடித்தது. முதல் நாளே எழுபதுக்கு மேற்பட்டோர், பிறகு தீக்காயத்தில் பலர், மொத்தம் 146 பேர். பொடி உறிஞ்சும் அமைப்பைச் சரியாகச் சுத்தம் செய்யவில்லை, தேங்கிய பொடியில் ஈரம் சேர்ந்து சூடேறித் தீப்பிடித்தது என்று விசாரணையில் வந்தது. ரெடிச் ஊசித் தொழிலாளி மெதுவாகச் செத்தார், இவர்கள் ஒரே நொடியில். இரண்டு இடத்திலும் வாங்குபவருக்குத் தெரிந்தது மினுமினுப்பு மட்டும். நம் ஊர் பஃபிங் கடைகளில் முகத்தில் ஒரு துண்டைக் கட்டிக்கொண்டு நிற்பவரைப் பார்க்கும்போது எனக்கு இந்தக் கணக்குதான் ஓடுகிறது. ஒரு கவருக்கு பேரம் பேசுகிறோம். அந்த ரேட்டில் நல்ல மாஸ்க்கும் உறிஞ்சியும் அடக்கமா என்று யாரும் கேட்பதில்லை.

வீட்டிலேயே செய்ய நினைப்பவர்களுக்கு, இத்தனை வரலாறும் சேர்ந்து சொல்லித் தருகிற சில விஷயங்கள். மிஷின் வேண்டாம், கை போதும். கவரைக் கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவிக் காயவையுங்கள். லாக்கர் இருந்தால் முதலில் உரியுங்கள். பள்ளம் ஆழமாக இருந்தால் 220 அல்லது 320 வாட்டர் பேப்பர், இல்லாவிட்டால் 400-லிருந்து ஆரம்பித்து 600, 800, 1200, 2000. தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் பொடி பறக்காது. அந்தச் சேற்றை அப்போதே கழுவி விடுங்கள், டப்பாவில் மூடி வைக்காதீர்கள், குன்ஷான் ஞாபகம் இருக்கட்டும். ஒரு பேப்பரில் மேலும் கீழுமாகத் தேய்த்தால் அடுத்ததில் இடமும் வலமுமாகத் தேய்க்க வேண்டும். பழைய கோடு முழுக்கப் போனதா என்று அப்போதுதான் தெரியும். அவசரப்பட்டு ஒரு நம்பரைத் தாண்டினால் கடைசியில் வெயிலில் வைக்கும்போது எல்லாக் கோடும் பல்லைக் காட்டும்.

தொடக்கூடாத இடங்கள் இரண்டு. கேஸ்கெட் உட்காரும் முகம்: அங்கே விளிம்பு மழுங்கினால் ஆயில் கசியும். கிராங்க்கேஸில் அடித்திருக்கும் இன்ஜின் நம்பர்: அது தேய்ந்தால் வண்டியை விற்கும்போதும் ஆர்டிஓ ஆபீசிலும் பதில் சொல்லி மாளாது. பஃபிங் கடைக்குக் கொடுத்தாலும் இதை முதலிலேயே சொல்லி, நம்பர் மேல் டேப் ஒட்டிக் கொடுங்கள். வார்ப்பில் எழும்பி நிற்கும் எழுத்துக்களையும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமாக இழக்கிறோம். முப்பது வருடமாக வருடா வருடம் பஃபிங் பார்த்த கவர்களில் அந்த எழுத்து தேய்ந்த காசு மாதிரி இருக்கும். அதனால் லேசாக மங்கிய கவருக்கு உப்புத்தாள் எடுக்காமல் மெட்டல் பாலிஷோடு நிறுத்துவது நல்லது.

மெட்டல் பாலிஷ் போட்டுத் துடைக்கும்போது துணி கன்னங்கரேல் என்று ஆகும். அழுக்கு இன்னும் போகவில்லை என்று நினைத்து மேலும் மேலும் தேய்ப்பார்கள். அது அழுக்கல்ல, கவரிலிருந்து வருகிற அலுமினியம். முகம் தெரிந்ததும் நிறுத்திவிடலாம். அதற்கப்புறம் வண்டி கழுவும்போது துணி துவைக்கும் பவுடரும் சோடாவும் வேண்டாம். ஒரு ரூபாய் ஷாம்பூ பாக்கெட் போதும்.